பிரதி எடுத்து வைத்தீர்களா?

தில்லி வாழ் தமிழர் வீடுகளில் ஒரு காலத்தில் டிரங்குப் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். ஜாதகம், ஊர் நிலத்தின் பத்திரம், எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அப்பா எழுதிய இன்லண்ட் கடிதங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். இன்று அந்தப் பெட்டி கம்ப்யூட்டருக்குள் குடிபோய்விட்டது. பேத்தியின் முதல் பிறந்தநாள், பாட்டி பாடிய தாலாட்டு, பட்டாவின் ஸ்கேன் பிரதி, வருமான வரிக் கணக்கு என்று சகலமும் உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்கில். டிரங்குப் பெட்டியைத் தூக்கிப்போகத் திருடன் வரவேண்டும். ஹார்ட் டிஸ்க் யாரும் வராமலேயே போய்விடும்.

"எல்லாவற்றுக்கும் பேக்கப் வைத்திருக்கிறேன் சார்" என்று சொல்லும் நண்பர்களிடம் எங்கே என்று கேட்டால், பாதிப் பேர் சி டிரைவிலிருந்து டி டிரைவுக்குக் காப்பி செய்திருப்பார்கள். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இரண்டும் ஒரே டிஸ்கை இரண்டாகத் தடுத்த அறைகள்தான். கூரை விழுந்தால் இரண்டு அறைக்கும் சேர்த்துத்தான் விழும்.

பிரதி எதற்கு என்பதை நம் ஊரிலேயே நடந்த ஒரு சம்பவம் நன்றாகக் காட்டுகிறது. 2022 நவம்பர் 23 காலையில் எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் ஸ்தம்பித்தன. நோயாளிகளின் பதிவு, அப்பாயின்ட்மென்ட், அட்மிஷன், டிஸ்சார்ஜ் ஆகியவற்றைக் கவனிக்கும் இ-ஹாஸ்பிடல் அமைப்பு ஐந்து சர்வர்களில் இருந்தது. விஷமிகள் உள்ளே நுழைந்து சுமார் 1.3 டெராபைட் தகவலைப் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள். ஊழியர்கள் பேனாவும் காகிதமுமாக வேலை பார்த்தார்கள். முக்கியமான சேவைகள் திரும்ப இரண்டு வாரம் பிடித்தது. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தகவல் முழுவதும் மீட்கப்பட்டு, புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது என்று பிறகு நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

"பாதிக்கப்படாத" என்ற அந்த ஒரு சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இவ்வகை வைரஸ் தன் கைக்கு எட்டும் ஃபைல்களை எல்லாம் பூட்டும். கம்ப்யூட்டரில் எந்நேரமும் செருகியே இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்கும் அதன் கைக்கு எட்டும். எய்ம்ஸ் இழக்க இருந்த 1.3 டெராபைட் இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு டிஸ்கில் கொள்ளும். ஆகவே பிரதி எடுப்பதில் அளவோ செலவோ பெரிய பிரச்னையில்லை. அதை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

நான் ரயில்வேயில் இருந்தவன், என் உவமை அங்கிருந்துதான் வரும். வட இந்தியப் பனிமூட்டத்தில் டிரைவருக்கு சிக்னல் தெரியாது. அதற்குப் பதிலாக இன்னொரு விளக்கை வைத்தால் அதுவும் தெரியாது. எனவே சிக்னலுக்கு முன்பாகத் தண்டவாளத்தின் மேல் டெட்டனேட்டர் என்ற சிறு வெடியைப் பொருத்துவார்கள். சக்கரம் ஏறியதும் வெடிக்கும். கண் ஏமாற்றும் இடத்தில் காது உதவும். (இப்போது என்ஜினில் ஜி.பி.எஸ். கருவியும் வந்துவிட்டது.) மூலப்பிரதி எந்தக் காரணத்தால் கெடுமோ, அதே காரணத்தால் மாற்றுப் பிரதி கெடக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால், விற்பவர் சொல்வதையெல்லாம் நம்ப வேண்டியிராது.

மின்சாரம் ஏறி இறங்கினால் செருகியிருக்கும் டிஸ்க் கம்ப்யூட்டரோடு சேர்ந்து போகும். எனவே வேலை முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். தீயும் வெள்ளமும் வந்தால் வீட்டிலிருப்பது எல்லாம் போகும்; எனவே ஒரு பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ, டிஜிட்டல் படங்களைப் பாதுகாப்பது பற்றி 2005-ல் எழுதிய புத்தகத்தில் இதையே 3-2-1 என்று சுருக்கிச் சொன்னார்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில்.

நம் முன்னோருக்கு இது புதிதல்ல. ஓலைச் சுவடி பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாகும் என்று தெரிந்துதான் தலைமுறைதோறும் படியெடுத்தார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் திரட்ட முடிந்ததற்குக் காரணம், படிகள் பல மடங்களிலும் வீடுகளிலும் சிதறிக் கிடந்ததுதான். அப்படியும் பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268-ஆம் பாடல்கள் இல்லை.

சாதனங்களுக்கு வருவோம். ஃப்ளாப்பியைப் பற்றிப் பேசவே வேண்டாம். சோனி கம்பெனியே 2011-ல் விற்பனையை நிறுத்திவிட்டது. வீட்டில் எழுதிய சி.டி.யின் சாயம் நாளடைவில் மங்கும். புது லேப்டாப்களில் சி.டி. போட இடமும் இல்லை. பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்கத்தான், சேமித்து வைக்க அல்ல. மிக மலிவாக விற்கும் சில பென் டிரைவ்கள் 1 டெராபைட் என்று காட்டும். உள்ளே அதில் சிறு பங்குகூட இருக்காது. நிறைந்ததும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும். எஸ்.எஸ்.டி. வேகமானது, ஆனால் மின்சாரம் காட்டாமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால் தகவலை இழக்கக்கூடும். என் சிபாரிசு, பழைய பாணியில் தட்டு சுழலும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒரே நாளில் ஒரே கம்பெனியுடையதாக வாங்காதீர்கள். நேரு ப்ளேஸில் பில் போட்டுத் தரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். கீழே மட்டும் போடக்கூடாது.

"எல்லாம் கூகுளில் இருக்கிறதே" என்பார்கள் பிள்ளைகள். இருக்கட்டும், மூன்றாவது பிரதியாக நல்லதுதான். ஆனால் கூகுள் போட்டோஸின் அளவில்லாத இலவசம் 2021 ஜூன் 1-ல் முடிந்துவிட்டது. இலவச இடம் 15 ஜி.பி.; அதில் மெயிலுக்கும் பங்கு உண்டு. இரண்டு வருடம் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்று 2023-ல் கூகுள் விதி செய்திருக்கிறது. காலமான பெரியவரின் கணக்கில் அவர் எடுத்த படங்கள் இருந்தால், உடனே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: போனும் மேகமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்போது, ஒன்றில் தவறி அழித்தால் மற்றதிலும் அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் விட மக்கள் அலட்சியம் செய்வது சோதனையை. 1998-ல் அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறுதலாகக் கொடுத்த ஓர் உத்தரவில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பைத் தேடினால், அது கொஞ்ச காலமாகவே சரியாகப் பதிவாகவில்லை, யாரும் கவனிக்கவில்லை. குழந்தை பிறந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்த டெக்னிகல் டைரக்டர் கேலின் சூஸ்மனின் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. படம் பிழைத்து அடுத்த வருடம் வெளியானது.

நம் வீடுகளில் இதற்கென்று ஒரு நாள் ஏற்கனவே இருக்கிறது: ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். பூஜைக்கு முன்னால் டிஸ்கைச் செருகிப் புதுப் படங்களை ஏற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் பத்து ஃபைலைத் திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டுப் பாருங்கள். பழைய தமிழ் ஃபைல்களை அவசியம் திறந்து பாருங்கள். 1990-களில் நாம் ஆளுக்கொரு ஃபான்ட்டில் டைப் செய்தோம். அந்த ஃபான்ட் இல்லாவிட்டால், ஃபைல் பழுதில்லாமல் இருந்தும் ஒரு வரி படிக்க முடியாது. ஃபான்ட்டையும் கூடவே சேமியுங்கள். முடிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010-ல் யூனிகோடுக்கு வந்துவிட்டது.

இரண்டாவது டிஸ்க் எங்கே? தில்லி பூகம்ப வரைபடத்தில் நான்காம் மண்டலத்தில் இருக்கும் ஊர். அதனால் பக்கத்து ஃப்ளாட்டை விட, திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் தம்பி வீடு மேல். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிக் கொடுங்கள்; அந்தப் பாஸ்வேர்டு மனைவிக்கும் ஒரு பிள்ளைக்குமாவது தெரிந்திருக்கட்டும். கோடை விடுமுறைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறும்போது, பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டும் சூட்கேஸில் டிஸ்கை வைக்காமல், துணியில் சுற்றித் தோள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருட டிஸ்கைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, போன வருடத்து டிஸ்கை வாங்கி வந்து, அதில் புதியவற்றை ஏற்றத் தொடங்கலாம்.