டிரில் மன்னிக்கும், கிரைண்டர் மன்னிக்காது

சென்ற வாரக் கலந்துரையாடல் அரங்கைத் தொலைக்காட்சியில் பார்க்கத் தவறியவர்களுக்காக அதன் சாரம் இங்கே. "வீட்டு வேலைக்கும் வாகன வேலைக்கும் மின்கருவி வாங்கலாமா, ஆள் கூப்பிடலாமா?" என்பதுதான் தலைப்பு. இது ஆண்கள் பேசும் விஷயமாயிற்றே, பெண்கள் வரிசை காலியாகக் கிடக்குமோ என்று தயாரிப்புக் குழுவில் கவலைப்பட்டார்கள். ஆனால் அன்று அரங்கில் பாதிக்கு மேல் பெண்கள்! முதல் கேள்வியும் அங்கிருந்துதான் வந்தது.

ஷா ஆலமிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா மைக்கைப் பிடித்தார். "என் வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருஷமாச்சும்மா. ஹால் ஜன்னலுக்கு கர்ட்டன் கம்பி மாட்டணும். ஆளைக் கூப்பிட்டா, ரெண்டு ஓட்டைக்காக வர முடியாதுங்கிறான். மகன் அடுத்த வாரம், அடுத்த வாரம்ங்கிறான். நானே ஒரு டிரில் வாங்கிட்டா என்ன? எதைத்தான் வாங்குறது?"

கேள்வி சின்னதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்லவே நிகழ்ச்சியின் முதல் பகுதி முழுவதும் தேவைப்பட்டது. நம் விருந்தினர்கள் இருவர். ஒருவர் தொழிற்பயிற்சிக் கல்லூரி ஆசிரியர். மற்றவர் கிள்ளானில் 30 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன்.

"முதலில் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்" என்றார் ஆசிரியர். நம் தாமான் வீடுகளில் பெரும்பாலான சுவர்கள் செங்கல், மேலே சிமெண்டுப் பூச்சு. தூணும் விட்டமும் கான்கிரீட். கடையில் டிரில் என்று கேட்டால் மூன்று வகையைக் காட்டுவார்கள். சாதாரண டிரில் சுற்ற மட்டும் செய்யும். மரத்துக்கும் இரும்புக்கும் அது போதும். ஹேமர் டிரில் என்பதற்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும். அதனால் பிட் சுற்றிக்கொண்டே படபடவென்று முன்னும் பின்னும் அடிக்கும். செங்கல் சுவருக்கு இதுதான் சரி. மூன்றாவது ரோட்டரி ஹேமர். அதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று உள்ளே இருக்கும் சுத்தியலைத் தள்ளி அடிக்கிறது. நாம் உடம்பைச் சாய்த்து அழுத்தவே வேண்டாம், கான்கிரீட் தானாக வழிவிடும். அதற்குப் போடும் பிட்டின் அடியில் பள்ளம் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்டிஎஸ் என்பார்கள், 1975இல் போஷ் நிறுவனம் கொண்டுவந்த அமைப்பு அது.

அப்படியானால் அந்த அம்மாவுக்கு ஹேமர் டிரில் போதுமே என்று நானும் நினைத்தேன். ஆசிரியர் சிரித்தார். "கர்ட்டன் கம்பி எங்கே மாட்டுவீர்கள்? ஜன்னலுக்கு மேலே. ஜன்னலுக்கு மேலே என்ன இருக்கிறது?" யாருக்கும் தெரியவில்லை. அங்கே லிண்டல் என்ற கான்கிரீட் விட்டம் இருக்கிறது! மேலே உள்ள செங்கல்லின் பாரத்தைத் தாங்குவது அதுதான். புது ஹேமர் டிரில்லை வாங்கி வந்து, ஆசையாக முதல் ஓட்டையை அங்கே போடப் பார்ப்போம். பூச்சு வரை இறங்கும், பிறகு நின்றுவிடும். பிட் சூடாகி நீலமாகும். மெஷின் கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம். மெஷின் மேல் குற்றமில்லை, இடம்தான் தவறு. அந்த ஒரு வேலைக்கு ரோட்டரி ஹேமரை யாரிடமாவது இரவல் வாங்குவது நல்லது. வருடத்துக்கு நான்கு ஓட்டைக்காக அதைச் சொந்தமாக வாங்குவது வீண் என்பது ஆசிரியரின் கருத்து, என் கருத்தும்.

இன்னொன்றையும் அவர் சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்டுவிட்டது என்று தன்னிடம் வந்த டிரில்களில் சில, பின்னோக்கிச் சுற்றும் பொத்தானில் இருந்தவையாம். அவ்வளவுதான் பழுது!

பிட்டும் வால் பிளக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட். எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிட்டில் ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் ஓட்டை போடாதீர்கள், வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் சுவருக்குள் ஓடும். குளியலறைக் குழாய்க்கும் இதே கதைதான்.

அடுத்து, வயர் உள்ளதா, பேட்டரியா? கைத்துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட டிரில்லுக்கு பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் காப்புரிமை பெற்றது 1917இல். அதே நிறுவனம் வயரில்லாத டிரில்லைக் கொண்டுவந்தது 1961இல். இன்று வீட்டுக்கு வாங்குவோரில் பலர் பேட்டரிதான் கேட்கிறார்கள். தவறில்லை. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். இணையக் கடைகளில் 48, 88, 128 என்று பெரிய எண் போட்டு, பக்கத்தில் வோல்ட் மாதிரி ஏதோ ஓர் எழுத்தும் போட்டிருப்பார்கள். ஒரு லித்தியம் செல்லின் வழக்கமான அளவு 3.6 வோல்ட். ஐந்து செல்லை வரிசையாக இணைத்தால் 18 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஏறக்குறைய 21. உள்ளங்கை அளவுப் பேட்டரிக்குள் 128 வோல்டுக்கு 35 செல்லுக்கு மேல் எங்கே அடுக்குவது? கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். இன்னொரு பக்கம், சில நல்ல நிறுவனங்கள் 20 வோல்ட் என்று போடுவதும் அதே 18தான், அளந்த நேரம் வேறு, அவ்வளவே. பேட்டரியைக் கார் பூட்டில் வைத்து வெயிலில் வேக விடாதீர்கள்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருட்களை விற்கும் கடைகளில் அருமையான டிரில் மலிவாகக் கிடக்கும். எடுப்பதற்கு முன் தகட்டைப் படியுங்கள். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நேராகச் செருகினால் கொஞ்ச நேரம் பிசாசு மாதிரி சுற்றும், பிறகு புகை வரும்.

செருகுவது பற்றியும் பேச வேண்டும். இரண்டு முள் பிளக்கை மூன்று முள் ஓட்டையில் செருக, மேல் ஓட்டையில் பேனா மூடியைக் குத்துவதை நம் வீடுகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! நானே செய்திருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். அந்த மூடியே பாதுகாப்புக்காக வைத்தது. அது கிடக்கட்டும், அதைவிடப் பெரிய விஷயம் மெயின் பெட்டியில் இருக்கிறது. மின்கசிவு வந்தால் விழும் சுவிட்ச் ஒன்று உண்டல்லவா, அதன்மேல் என்ன எண் எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நம் நாட்டின் 1994ஆம் ஆண்டு மின் விதிமுறைகள், கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகள் பயன்படும் இடத்துக்கு 30 மில்லி ஆம்பியர் கேட்கின்றன. பழைய வீடுகள் பலவற்றில் 100 மட்டுமே இருக்கும். ஈரமான போர்ச்சில் வெறுங்காலோடு கருவி பிடிப்பவருக்கு அந்த வித்தியாசம் உயிர் விஷயம். வயர்மேனைக் கூப்பிட்டு மாற்றிவிட்டு மெஷின் வாங்குங்கள். வயர் சுருள் பயன்படுத்தினால் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுற்றியபடியே இருந்தால் சூடேறும்.

இனி நான் பேச விரும்பிய பகுதி. மற்றவற்றைப் படிக்காமல் விட்டாலும் இதைப் படியுங்கள்.

டிரில்லைத் தப்பாகப் பிடித்தால் பிட் உடையும், சுவர் பெயரும், மிஞ்சினால் மணிக்கட்டு சுளுக்கும். தொங்கும் முடியும் தாலிக்கொடியும் துப்பட்டாவும் நூல் கையுறையும் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் அது நம்மை மன்னித்துவிடும். கிரைண்டர் அப்படி இல்லை. சாதாரண 4 அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று சுற்றுகிறது. அப்போது டிஸ்க்கின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் ஓடுகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் வேக வரம்பே 110தான். அந்த டிஸ்க்கில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டால் அது எந்த வேகத்தில் வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

நினைத்துப் பார்க்க எனக்குத் தேவையில்லை. நான் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த சமயம். அப்பா எங்கள் வீட்டுக் கேட்டின் அடியில் துருப்பிடித்த கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார். மூலைக்குள் எட்டவில்லை என்று கார்ட் எனும் இரும்புத் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார். டிஸ்க், போர்ச் அலமாரியில் பல வருடம் கிடந்த பழசு. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். வெளியே ஓடிவந்தேன். அப்பா புருவத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், விரலிடுக்கில் ரத்தம். மூக்குக்கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. ஏழு தையல். கண் தப்பியது அந்தக் கண்ணாடியால்தான், அதுவும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லை, பேப்பர் படிக்கப் போடுவது.

அந்தக் கதையை அரங்கில் சொன்னபோது ஆசிரியர் கேட்டார், "டிஸ்க்கின் நடுவில் உள்ள உலோக வளையத்தைப் பார்த்தீர்களா?" நல்ல டிஸ்க்குகளில் அந்த வளையத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். அது காலாவதித் தேதியாம்! மணலும் கல்லும் பிசின் கொண்டு ஒட்டிய பொருள்தான் டிஸ்க். ஈரம் ஏறினால் பிசின் வலுவிழக்கும், அதனால் தயாரித்த நாளிலிருந்து 3 ஆண்டுதான் கணக்கு. பாலுக்கும் ரொட்டிக்கும் தேதி பார்க்கிற எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது. நம் நாட்டு மழைக்கும் புழுக்கத்துக்கும் போர்ச்சில் திறந்து கிடக்கும் டிஸ்க்கைத் தேதி இருந்தாலும் நம்பாதீர்கள். மூன்று நான்கு வெள்ளிப் பொருள், தூக்கிப் போடுங்கள்.

அடுத்தது அளவு. 4 அங்குல டிஸ்க்கில் 15,300 சுற்று வரை தாங்கும் என்று எழுதியிருக்கும். 7 அங்குல டிஸ்க்கில் 8,500தான். பெரிய டிஸ்க் கார்டுக்குள் நுழையாது என்று கார்டைக் கழற்றிவிட்டு, 11,000 சுற்றும் சின்னக் கிரைண்டரில் அதை மாட்டுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் தயவுசெய்து இந்த மூன்று எண்களையும் படித்துக் காட்டுங்கள். மரம் அறுக்கும் பல் டிஸ்க்கைக் கிரைண்டரில் மாட்டுவதும் இதே ரகம், பல் மரத்தில் சிக்கினால் மெஷின் துள்ளிக் கழுத்துக்கே வரும். மெல்லிய வெட்டு டிஸ்க்கைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்ப்பதும் கூடாது. இரண்டு கையாலும் பிடியுங்கள், டிஸ்க் சுற்றும் கோட்டுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள், டிஸ்க் மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மெக்கானிக் அண்ணன் அதுவரை பொறுமையாக இருந்தவர், வாகனம் என்றதும் நிமிர்ந்தார். "எக்ஸாஸ் போல்ட் துருப்பிடிச்சா உடனே கிரைண்டரை எடுத்துட்டுக் காடிக்குக் கீழே படுத்துடறாங்க. பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கு, லைன் எங்கே ஓடுதுன்னு பார்க்கிறதில்ல." பொறி கண்ணாடியில் பட்டால் இரும்புத் துகள் உருகி ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது, பிறகு துருப்புள்ளியாகத் தெரியும் என்றார். ஜாக் ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைக்க வேண்டும். அதன் விலை ஒரு டயர் விலைகூட இல்லையாம்.

டயர் நட்டுக்குப் பேட்டரி இம்பேக்ட் ரெஞ்ச் வாங்கலாமா என்று ஓர் இளைஞர் கேட்டார். கழற்றுவதற்கு வாங்கலாம், முடுக்குவதற்கு அதை நம்பாதீர்கள் என்பது அண்ணனின் பதில். சிறிய கார்களின் டயர் நட்டுக்குச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும், சரியான எண் உங்கள் கார்க் கையேட்டில் இருக்கும். இந்த மெஷின்கள் பல அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சாதாரணமாகக் கொடுக்கும். போர்ச்சில் 'டர்ர்' என்று முடுக்கிவிட்டுப் பெருமையாக இருப்போம். ஒரு நாள் ராத்திரி, மழையில், நெடுஞ்சாலை ஓரத்தில் டயர் பஞ்சராகும். மனைவி கையில் இருப்பது காரோடு வந்த சின்ன ஸ்பானர். ஏறி மிதித்தாலும் அந்த நட்டு அசையாது. ஆகவே கையால் முதலில் பிடித்து, டார்க் ரெஞ்சால் முடியுங்கள். இம்பேக்ட் ரெஞ்சுக்குக் கறுப்பு சாக்கெட்தான், பளபளக்கும் குரோம் சாக்கெட் வெடித்துத் தெறிக்கலாம்.

கடைசியில் அந்த ஷா ஆலம் அம்மா மறுபடி எழுந்தார். "எல்லாம் சரி, என்கிட்ட 300 வெள்ளி இருக்கு. என்ன வாங்கட்டும்?" ஆசிரியர் விரல் விட்டு எண்ணினார். ஊரறிந்த பெயருள்ள ஒரு வயர் ஹேமர் டிரில், உத்தரவாத அட்டையோடு. 6 மில்லிமீட்டர் பிட் நல்லதாக இரண்டு. பாதுகாப்புக் கண்ணாடி. தூசிக்கு முகமூடி. சிரிம் முத்திரை உள்ள நீட்டிப்பு வயர். கிரைண்டர் இப்போதைக்கு வேண்டாம். "இத்தனையும் 300க்குள் அடங்கும், மீதிக்குத் தேநீர் சாப்பிடலாம்" என்றார்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மூன்றாம் நாள் அந்த அம்மா நிலையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். டிரில் வாங்கிவிட்டாராம். செங்கல் சுவரில் முருகன் படத்துக்கு முதல் ஓட்டை, நேராக விழுந்ததாம். கர்ட்டன் இன்னும் ஏறவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் ரோட்டரி ஹேமர் இருக்கிறதாம், சனிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறான். "ஆனா ஓட்டையை நான்தான் போடுவேன்னு சொல்லிட்டேன்மா" என்றார்.