முட்டைப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தோம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, பல ஊர்களில் தங்கி, கடைசியில் கொழும்புக்கு வந்து சேர்ந்த குடும்பம் அது. ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, கட்டில், பிள்ளைகளின் புத்தகங்கள். பேத்தி பெரியபிள்ளையாகி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. பிள்ளைக்கு முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும் என்று, அம்மம்மா முதல் நாள் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பத்து முட்டைப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். பெட்டியின் மேல் தென்னை மர நிழலில் மேயும் கோழியின் படம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது இரண்டு முட்டைகள் அடியில் வெடித்து, பெட்டியோடு ஒட்டிக்கிடந்தன. சந்தேகம் வந்து, மற்ற எட்டையும் வாளித் தண்ணீரில் போட்டிருக்கிறார். மூன்று முட்டைகள் நிமிர்ந்து நின்றன. ஒன்று மிதந்தது.

“பிள்ளையள், ஊரிலை நான் முட்டை வித்தவள். என்ரை முட்டையிலை ஒரு குறை ஒருத்தரும் சொன்னதில்லை. இஞ்சை வந்து பெட்டியிலை இருந்த படத்தைப் பார்த்து ஏமாந்து போனன்” என்றார்.

இழப்பு சில நூறு ரூபாதான். ஆனால் நாட்கூலியில் ஓடும் அந்த வீட்டுக்கு அது ஒரு நேரக் கறிச்செலவு. அந்த அம்மாவையும் வெள்ளவத்தையில் வசிக்கும் வேறு இரு தாய்மாரையும் அழைத்துக்கொண்டு, காலி வீதியோரக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் மூன்று நாட்கள் முட்டை விலை பார்த்தோம். கண்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

படம் முட்டையிடுவதில்லை

ஊரில் நாம் முட்டை வாங்கியபோது கோழியைத் தெரியும், கோழிக்காரியைத் தெரியும், எந்த நாள் இட்டது என்றும் தெரியும். நகரத்தில் இந்த மூன்றும் தெரியாது. தெரியாத இடத்தைப் பெட்டியின் படம் வந்து நிரப்பிவிடுகிறது.

பச்சை வயலும் வைக்கோல் கூடும் வரைந்த பெட்டிக்குள் இருப்பது கூட்டில் அடைத்து வளர்த்த கோழியின் முட்டையாகவும் இருக்கலாம். இலங்கையின் பண்ணை முட்டைகளில் பெரும் பங்கு குருநாகல், குளியாப்பிட்டி போன்ற இடங்களை உள்ளடக்கிய வடமேல் மாகாணத்திலிருந்து வருகிறது. அவை நல்ல முட்டைகளே. ஆனால் பண்ணை முட்டையை ஊர்க்கோழி முட்டையின் விலைக்கு வாங்கினால் நட்டம் நமக்கே.

நிறமும் நம்மை ஏமாற்றும். மண்ணிற முட்டையில் சத்துக் கூட என்று பலர் நம்பி, கூடிய விலை கொடுக்கிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. வெள்ளை லெகோன் இனம் வெள்ளை முட்டை இடும். றோட் ஐலண்ட் றெட் இனம் மண்ணிற முட்டை இடும். ஓட்டின் நிறத்தால் உள்ளே சத்துக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மஞ்சட்கருவின் நிறமோ தீனியைப் பொறுத்தது. சோளமும் கீரையும் தின்ற கோழியின் கரு கடும் மஞ்சளாகும். தீனியில் நிறமூட்டி கலந்தாலும் அப்படியே ஆகும்.

சிறிய முட்டையெல்லாம் ஊர்க்கோழி முட்டையுமல்ல. பண்ணைப் பேடு முதன் முதல் இடத் தொடங்கும்போது இடும் முட்டைகளும் சிறியவைதான். கோழி வளர்த்த நமக்கு இது புதிதல்ல. கடை வாசலில் இதை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

எண்ணிக்கையை விட்டு எடையைப் பாருங்கள்

முட்டையை எண்ணி விற்கிறார்கள், நாமும் எண்ணி வாங்குகிறோம். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஒரு முட்டை 45 கிராமும் இருக்கலாம், 60 கிராமும் இருக்கலாம்.

ஓர் உதாரணம் பாருங்கள். அழகான பெட்டியில் பத்து முட்டை, விலை 520 ரூபா, மொத்த எடை 480 கிராம். பக்கத்தில் அட்டைத் தட்டில் உதிரி முட்டை, ஒன்று 48 ரூபா, பத்தின் எடை 580 கிராம். பெட்டி முட்டையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 108 ரூபா கொடுக்கிறோம். உதிரி முட்டையில் 83 ரூபா மட்டுமே. பத்து முட்டைக்கு 40 ரூபா கூடக் கொடுத்து, 100 கிராம் குறைவாக வீட்டுக்குக் கொண்டுவருகிறோம்.

இந்தக் கணக்கை அரசாங்கமே ஒரு முறை போட்டுக் காட்டியது. 2022 நெருக்கடியில் டொலர் இல்லாமல் கோழித்தீனி தட்டுப்பட்டு, முட்டை விலை ஏறியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபா, மண்ணிற முட்டைக்கு 45 ரூபா என உச்ச விலை விதிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலையும் வந்தது. பின்பு 2023 ஏப்ரலில் உச்ச விலையை எடைக்கு விதித்தார்கள்: வெள்ளை முட்டை கிலோ 880 ரூபா, மண்ணிற முட்டை கிலோ 920 ரூபா. அதாவது 50 கிராம் முட்டை ஒன்று 44 ரூபா அல்லது 46 ரூபா. அதன் பின் விலைகள் எத்தனையோ முறை மாறிவிட்டன. கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்கும் கணக்கு மட்டும் மாறவில்லை.

சுப்பர் மார்க்கெட்டில் மரக்கறி நிறுக்கும் தராசு இருக்கும். முட்டைப் பெட்டியை அதில் வைத்துப் பார்க்கலாம். வெறும் பெட்டிக்கும் எடை உண்டு என்பதை மறவாதீர்கள். நாங்கள் அப்படி வைத்தபோது வேலை செய்யும் தம்பி ஒருவர் சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை.

கடையின் ஒழுங்கு யாருக்காக?

முட்டை, பால், பாண் போன்ற அன்றாடப் பொருட்களைப் பெரிய கடைகள் பெரும்பாலும் உள்ளே தள்ளியே வைக்கின்றன. முட்டை எடுக்கப் போகிறவர் பிஸ்கற்றையும் சோடாவையும் தாண்டித்தான் போக வேண்டும். பிள்ளையோடு போனால் சொல்லத் தேவையில்லை. விலை கூடிய பெட்டி கண் மட்டத்தில் இருக்கும். மலிந்த தட்டு காலடியில் இருக்கும். ஆகவே குனிந்து பாருங்கள்.

முன்னால் இருப்பது பழையது, பின்னால் இருப்பது புதியது என்பது பொது வழக்கம். பழையது முதலில் விற்கட்டும் என்று அப்படி அடுக்குகிறார்கள். பெட்டியில் உள்ள திகதி பெரும்பாலும் பொதி செய்த திகதி. கோழி இட்ட நாளை அது சொல்லாது. பிரான்ஸ், ஜேர்மனி போன்ற நாடுகளில் உள்ள நம் உறவுகளைக் கேட்டால் சொல்வார்கள், அங்கே கடை முட்டை ஓட்டிலேயே இலக்கம் அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் 0 என்றால் சேதன முறைப் பண்ணை, 1 என்றால் வெளியில் மேய்ந்த கோழி, 2 என்றால் கொட்டிலுக்குள் வளர்ந்தது, 3 என்றால் கூட்டில் அடைத்தது. நம் கடை முட்டைகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒன்றும் இல்லை. நம் கண்ணும் கையும்தான் உதவி.

வாங்கும்போதும் வீட்டிலும்

1. பெட்டியைத் திறக்காமல் வாங்காதீர்கள். ஒவ்வொரு முட்டையையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசையாதது அடியில் வெடித்து ஒட்டியிருக்கும்.

2. கையில் எடுத்துப் பாருங்கள். ஒரே அளவு முட்டைகளில் பாரமானது புதியது. ஓட்டின் நுண்துளைகளால் ஈரம் வெளியேற, பழைய முட்டை பாரம் குறையும்.

3. வெயில் படும் கண்ணாடியோரம் அடுக்கிய முட்டையைத் தவிருங்கள். கொழும்பு வெக்கையில் முட்டை விரைவில் பழையதாகும்.

4. வீட்டில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். படுத்துக்கிடந்தால் புதியது. ஒரு முனை எழும்பினால் சில நாட்கள் சென்றது. நிமிர்ந்து நின்றால் பழையது: வேறு கோப்பையில் உடைத்து, மணந்து பார்த்து, நன்றாக அவித்தே உண்ணுங்கள். மிதந்தால் வேண்டாம்.

5. சமைக்கும் வரை முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள இயற்கைப் படலம் போய்விட்டால் கிருமி உட்புகுவது இலகு.

பச்சை முட்டை பற்றித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. ஊரில் காலையில் கூட்டிலிருந்து எடுத்த முட்டையை உடனே கொடுத்தோம். கடை முட்டையின் வயது நமக்குத் தெரியாது. சல்மனெல்லா என்னும் கிருமி முட்டையின் உள்ளேயும் இருக்கக்கூடும். தண்ணீரில் படுத்துக்கிடப்பதால் மட்டும் கிருமி இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே பெரியபிள்ளையான பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் முட்டையை நன்றாக அவித்தோ பொரித்தோ கொடுங்கள். நல்லெண்ணெயில் பொரித்தால் வழக்கமும் கெடாது.

வாய் திறக்கத் தயங்குவது ஏன்?

“ஏன் அம்மா திருப்பிக் கொண்டுபோய்க் கேட்கவில்லை?” என்று அந்தத் தாயிடம் கேட்டோம். “கேட்டால், நீங்கள் எவடம், எப்ப வந்தனீங்கள் எண்டு தொடங்குவினம். ஏன் வீண் கரைச்சல்” என்றார்.

இந்த அச்சம் சும்மா வந்ததல்ல. பொலிஸ் பதிவும் அடையாள அட்டைச் சோதனையுமாகப் பல ஆண்டுகள் கொழும்பில் வாழ்ந்தவர்கள் நாம். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முன்னூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆயினும் தலையைக் குனிந்து போய்வரும் பழக்கம் நம்மோடு தங்கிவிட்டது. அந்தப் பழக்கத்தால் இன்று முட்டைக் கடையிலும் நட்டப்படுகிறோம்.

காசு கொடுத்து வாங்குபவர் எந்த ஊரவர் என்று சட்டம் கேட்பதில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வியாபாரி விலையைக் காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். குறித்த விலைக்கு மேல் விற்பதும், பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பதும் குற்றம். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் சொல்லலாம். பழுதான முட்டை என்றால் அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம். எதற்கும் பற்றுச்சீட்டு வேண்டும். அதைக் கடை வாசலில் கசக்கி எறியாதீர்கள்.

நாலு வீடு சேர்ந்தால்

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பில் நாலு வீட்டார் சேர்ந்து முப்பது முட்டைத் தட்டு ஒன்றை வாங்கிப் பகிர்வதைக் கண்டோம். ஒருவர் எடை பார்ப்பார், ஒருவர் முட்டைகளைத் தட்டிப் பார்ப்பார், ஒருவர் பற்றுச்சீட்டை வைத்திருப்பார். கடைக்காரரும் இப்போது அவர்களுக்குப் புதிய தட்டையே எடுத்துக் கொடுக்கிறாராம். ஊரில் தோட்டத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது பெரிய காரியமல்ல.

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனை அம்மாவோடு அதே கடைக்குப் போனோம். ஒட்டிய முட்டையையும் பற்றுச்சீட்டையும் அவரே கொண்டுவந்திருந்தார். பேசியதும் அவரே. முகாமையாளர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேறு பெட்டி எடுத்துத் தந்தார். அம்மா அதை வாங்கி, அங்கேயே திறந்து, பத்து முட்டையையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண்ணும் தன் பெட்டியைத் திறந்தார்.

வாசகர்களே, உங்கள் பகுதிக் கடைகளில் நீங்கள் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள். முட்டையின் விலையோடு அதன் எடையையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.