தமிழ்வழி மாணவர்களின் ஆங்கிலக் கற்றல்

தமிழ்வழி மாணவர்களின் ஆங்கிலக் கற்றல் என்பது, பள்ளிப் பாடங்களைத் தமிழில் பயின்று, ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக மட்டும் கற்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் அம்மொழியைப் பள்ளியிலும், பின்னர் ஆங்கிலவழிக் கல்லூரியிலும் எதிர்கொள்ளும் முறையைக் குறிக்கும். மொழியியலில் இது இரண்டாம் மொழி கற்றல் என்னும் துறையின் கீழ் வருகிறது. தமிழ்நாட்டில் ஆங்கிலம் நீதிமன்றம், உயர்கல்வி, வணிகம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் வழங்கும் மொழியாதலால் அது முற்றிலும் அயல்மொழி அன்று. எனினும் பெரும்பாலான ஊர்ப்புற மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே அதைத் தொடர் பேச்சாகக் கேட்பது அரிது. ஆகவே ஏட்டளவில் இரண்டாம் மொழியாகவும், நடைமுறையில் அயல்மொழியாகவும் ஆங்கிலம் அமைகிறது. தெலுங்கு, உருது, சௌராட்டிரம், படகம் முதலியவற்றை வீட்டுமொழியாகக் கொண்ட மாணவர்களுக்கு இது மூன்றாம் மொழியாகும்.

வரலாற்றுப் பின்னணி

1835இல் மெக்காலே அளித்த கல்விக் குறிப்பும், 1854இல் வெளிவந்த உட்டின் கல்வி அறிக்கையும் பிரித்தானிய இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு அடித்தளமிட்டன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின், ஆங்கிலத் தேர்ச்சி அரசுப் பணிக்கான நுழைவாயில் ஆயிற்று.

விடுதலைக்குப் பின் பள்ளிகளில் தமிழ் பயிற்றுமொழியாக வலுப்பெற்றது. 1968ஆம் ஆண்டு சனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் தமிழும் ஆங்கிலமும் மட்டும் கற்பிக்கப்படும் இருமொழிக் கொள்கையை ஏற்றது. 1980களுக்குப் பின் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகள் விரைந்து பெருகின. 2012-13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. இதனால் ஒரே பள்ளி வளாகத்தில் தமிழ்வழி, ஆங்கிலவழி ஆகிய இரு பிரிவுகளும் அமைந்திருப்பது இன்று இயல்பான காட்சியாகும்.

பள்ளியில் ஆங்கிலம்

தமிழ்வழிப் பிரிவில் ஆங்கிலம் ஒரு பாடம் மட்டுமே. அறிவியல், கணிதம், சமூக அறிவியல் ஆகியன தமிழிலேயே நடத்தப்படுகின்றன. ஆங்கில வகுப்பிலும் ஆசிரியர் உரைநடைப் பகுதியை வரிக்கு வரி படித்துத் தமிழில் பொருள் கூறும் மொழிபெயர்ப்பு முறை பரவலாக உள்ளது. மாணவர் பாடத்தின் கதையைத் தமிழில் அறிந்துகொள்கிறார். அதே கதைக்கான வினாவிடைகளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார். இவ்விரண்டுக்கும் இடையே தொடர்பு ஏற்படாமல் போவதுண்டு. சில மாணவர்கள் ஆங்கில வரிக்கு மேலே அதன் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிப்பர்.

தேர்வு முறையும் இதற்கு ஒரு காரணமாகும். பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வில் நெடுங்காலம் ஆங்கிலத்திற்கு இரண்டு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டு முதல் அவை ஒரே தாளாக மாற்றப்பட்டன. தாள்களின் எண்ணிக்கை மாறினும், மதிப்பெண்ணைப் பெரிதும் முடிவு செய்வது எழுத்துத் தேர்வே. பேசுதல், கேட்டறிதல் ஆகிய திறன்களுக்கு வகுப்பறையில் கிடைக்கும் நேரம் குறைவு. எனவே ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் பெற்ற மாணவரும் ஒரு முகவரியை ஆங்கிலத்தில் விசாரிக்கத் தயங்கும் நிலை ஏற்படுகிறது. இது மாணவரின் திறன் குறைவைக் காட்டுவதன்று. எது பயிற்றுவிக்கப்பட்டதோ அதுவே அவரிடம் வளர்ந்துள்ளது என்பதைக் காட்டுவதாகும்.

மொழி அமைப்பும் பிழைகளும்

இரண்டாம் மொழி கற்போர் செய்யும் பிழைகளுள் பல ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை. தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் உள்ள வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பிழைகளை முன்னறியலாம் என்று ராபர்ட் லாடோ 1957இல் விளக்கினார். பிழைகள் கற்றல் நிகழ்வதற்கான சான்றுகள் என்று பிட் கார்டர் 1967இல் எழுதினார். கற்பவர் தாய்மொழியும் அல்லாத, கற்கும் மொழியும் ஆகாத ஓர் 'இடைமொழி'யைத் தம் மனத்தில் அமைத்துக்கொள்கிறார் என்னும் கருத்தை லாரி செலிங்கர் 1972இல் முன்வைத்தார். தமிழ் மாணவர்களிடம் காணப்படும் சில பிழைகளும் அவற்றின் காரணங்களும் வருமாறு:

ஒலிப்பு: தமிழ்ச் சொற்கள் மெய்யெழுத்தில் தொடங்குவதில்லை. ஆகையால் 'ஸ்கூல்' என்பது பேச்சில் 'இஸ்கூல்' ஆகிறது. தமிழ் எழுத்தில் ககரம், பகரம் முதலியவற்றின் வல்லோசையும் மெல்லோசையும் ஒரே எழுத்தால் குறிக்கப்படுகின்றன. எனவே 'வளர்ப்பு விலங்கு', 'பந்தயம்' ஆகிய பொருள்களைத் தரும் இரு வேறு ஆங்கிலச் சொற்களையும் தமிழில் 'பெட்' என்றே எழுத நேரிடுகிறது. ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிப்பவருக்கு இவ்வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை அழுத்தம் பெற்றுப் பிற அசைகள் தளர்வதும் தமிழ்க் காதுக்குப் புதிது.

காலம்: 'வருகிறேன்' என்னும் ஒரே தமிழ் வடிவம், வழக்கமாக வருவதையும் இப்போது வந்துகொண்டிருப்பதையும் குறிக்க வல்லது. ஆங்கிலத்தில் இவற்றிற்கு இரு வேறு வடிவங்கள் உண்டு. இதனால் 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' போன்ற தொடர்கள் தோன்றுகின்றன. மேலும் 'எனக்கு இரண்டு தம்பிகள்' என்று வினைச்சொல்லே இன்றிக் கூறும் வழக்கம் தமிழுக்கு உரியது.

வினா: 'போனாயா?' என்பதில் இறந்தகாலம் வினைச்சொல்லில் உள்ளது. ஆகாரம் வினாவை உணர்த்துகிறது. ஆங்கிலத்திலோ காலம் துணைவினைக்கு மாறி, முதன்மை வினை தன் இயல்பு வடிவைப் பெறும். இவ்விதி பதியும்வரை 'டிட் யூ வென்ட்?' என்று காலத்தை இருமுறை குறிப்பது இயல்பு.

எதிர்மறை வினாவுக்கு விடை: 'நீ நேற்று வரவில்லையா?' என்ற வினாவுக்கு வராதவர் தமிழில் 'ஆமாம், வரவில்லை' என்று வினவியவரின் கூற்றை ஏற்பார். ஆங்கிலத்தில் அவர் 'நோ' என்று தொடங்க வேண்டும். இது பிழை என்பதைவிடக் குழப்பத்திற்கு இடமளிப்பது எனலாம். கேட்பவர் நேர்மாறாகப் பொருள் கொள்ளக்கூடும்.

பெயர்: தந்தையையும் தாயையும் தமிழில் 'அவர்' என்ற ஒரே மரியாதைச் சொல்லால் சுட்டலாம். எனவே விரைந்து பேசும்போது 'ஹி', 'ஷி' ஆகியன இடம் மாறுவதுண்டு. மறுபுறம், தமிழில் உள்ள 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடும், 'நீ', 'நீங்கள்' என்ற வேறுபாடும் இன்றைய பொது ஆங்கிலத்தில் இல்லை. ஆசிரியரையும் நண்பனையும் 'யூ' என்றே அழைக்க வேண்டியிருப்பது தொடக்கத்தில் மாணவருக்குக் கூச்சம் தருகிறது.

சொல் வழக்கு: சட்டை போடுதல், விளக்குப் போடுதல், கோலம் போடுதல், சண்டை போடுதல் ஆகிய அனைத்திற்கும் தமிழில் ஒரே வினை போதுமானது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வினை தேவை. 'கேள்' என்பதும் அவ்வாறே. பாட்டுக் கேட்பதும் கேள்வி கேட்பதும் ஆங்கிலத்தில் வெவ்வேறு சொற்கள்.

தொடரமைப்பு: 'நண்பன் கொடுத்த புத்தகம்' என்று தமிழில் அடை முன்னே நிற்கும். ஆங்கிலத்தில் புத்தகம் முதலிலும், அதைக் கொடுத்த செய்தி பின்னாலும் வரும். ஆகவே நீண்ட ஆங்கிலத் தொடர் ஒன்றைத் தமிழாக்கும் மாணவர் பலமுறை இறுதியிலிருந்து முன்னோக்கிப் படிக்க வேண்டியுள்ளது. பாடநூலை மெதுவாகப் படிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

கல்லூரிக்கு மாறுதல்

பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பொறியியல், மருத்துவம் அல்லது அறிவியல் படிப்பில் சேரும் தமிழ்வழி மாணவருக்குச் சில வாரங்களிலேயே மொழி மாறிவிடுகிறது. முந்தைய ஆண்டுவரை ஒரு பாடமாக இருந்த ஆங்கிலம், இப்போது எல்லா முதன்மைப் பாடங்களுக்கும் வழியாகிறது. விரிவுரை, பாடநூல், ஆய்வக ஏடு, தேர்வு ஆகியன பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைகின்றன.

இம்மாற்றத்தில் முதலில் எதிர்ப்படுவது கலைச்சொற்கள். மாணவர் அறிந்த கருத்தே வேறு பெயரில் வருகிறது:

வகைக்கெழு – டெரிவேட்டிவ்
அணிக்கோவை – டிட்டர்மினன்ட்
திசைவேகம் – வெலாசிட்டி
முடுக்கம் – ஆக்சிலரேசன்
உந்தம் – மொமென்டம்
மின்தேக்கி – கெப்பாசிட்டர்

தமிழ்க் கலைச்சொற்கள் பலவற்றில் பொருள் வெளிப்படையாகத் தெரியும். 'ஒளிச்சேர்க்கை' என்றவுடன் ஒளிக்கு அதில் பங்குண்டு என்பது விளங்கும். அதற்குரிய ஆங்கிலச் சொல் கிரேக்க வேர்களைக் கொண்டதால், அவ்வேர்களை அறியாதவருக்கு அது குறியீடாகவே தோன்றும்.

கலைச்சொற்களை ஒரு பட்டியலாகக் கற்றுவிட முடியும். அதைவிடக் கடினமானவை, அன்றாடப் பொருளும் துறைப் பொருளும் கொண்ட எளிய சொற்களாகும். 'ஸ்டேட்' என்பதை மாநிலம் என்று அறிந்த மாணவர், தேற்றத்தை 'ஸ்டேட்' செய்க என்னும் வினாவில் தடுமாறலாம். அங்கு அதன் பொருள் 'கூறுக' என்பதாகும். 'பவர்' என்பது இயற்பியலில் திறன், கணிதத்தில் அடுக்கு. 'நார்மல்' என்பது வடிவியலில் செங்கோடு, பொதுவழக்கில் இயல்பானது. வினாவின் ஒரு சொல் விளங்காமையால் விடை தெரிந்த வினாவையும் மாணவர் விட்டுவிட நேர்கிறது. அப்போது அவர் இழக்கும் மதிப்பெண் கணிதத்தில் குறைகிறது. ஆனால் குறைபாடு கணிதத்தில் இல்லை.

ஜிம் கம்மின்ஸ் 1979இல், அன்றாடப் பேச்சுக்கான மொழித்திறன், கல்விக்கான மொழித்திறன் என இரண்டைப் பிரித்துக் காட்டினார். கனடாவில் குடியேறியோரின் பிள்ளைகள் முன்னதைச் சுமார் 2 ஆண்டுகளிலும், பின்னதை 5 முதல் 7 ஆண்டுகளிலும் அடைந்ததாக அவருடைய ஆய்வுகள் காட்டின. தமிழ்வழி மாணவரின் நிலை இதற்கு ஒருவகையில் மாறானது. அவர் பேச்சாங்கிலம் கைவராமலே நேரடியாகப் பாடநூல் ஆங்கிலத்துக்குள் நுழைகிறார். எனினும் தாய்மொழியில் பெற்ற கருத்தறிவு இரண்டாம் மொழிக்குக் கடந்து செல்லும் என்பது கம்மின்சின் மற்றொரு முடிவாகும். முடுக்கம் என்றால் என்ன என்று தெளிவாக அறிந்தவர் அதை மீண்டும் கற்க வேண்டியதில்லை; பெயரை மட்டும் கற்றால் போதும்.

தயக்கமும் பேச்சும்

ஆங்கிலம் தமிழ்நாட்டில் சமூக மதிப்புடன் பிணைந்துள்ளது. எனவே ஆங்கிலத்தில் பிழைபடப் பேசுவது பிழையாக மட்டுமன்றித் தகுதிக் குறைவாகவும் பார்க்கப்படுகிறது. வகுப்பில் ஐயம் கேட்க எழும் மாணவர், ஐயத்தோடு அதைக் கேட்பதற்கான ஆங்கிலத் தொடரையும் உருவாக்க வேண்டியிருக்கிறது. தொடர் உருவாகும் முன் ஆசிரியர் அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவதால், பலர் அமைதியாக இருந்துவிடுகின்றனர். அவ்வமைதி பாடம் புரியவில்லை என்றோ, ஆர்வம் இல்லை என்றோ தவறாகக் கொள்ளப்படுவதுண்டு.

அச்சமும் தாழ்வுணர்ச்சியும் மிகும்போது, காதில் விழும் மொழியும் மனத்தில் பதியாது என்னும் கருத்தை 1980களில் ஸ்டீபன் கிராசன் பரவலாக்கினார். இதனை 'உணர்ச்சி வடிகட்டி' எனலாம். விடுதி அறையில் நண்பர்கள் தமிழில் விளக்கிக்கொண்டு கூடிப் படிப்பது, இவ்வச்சத்தைக் குறைக்கும் நடைமுறை வழியாக மாணவர்களிடையே தானாகவே உருவாகியுள்ளது.

கற்பித்தல் முறைகள்

சென்னை மாநிலத்தில் 1950களின் இறுதியிலும் 1960களிலும், ஆங்கிலத் தொடரமைப்புகளை எளியதிலிருந்து கடியதாக வரிசைப்படுத்திக் கற்பிக்கும் அமைப்புமுறை ஆசிரியர்களுக்குப் பெருமளவில் பயிற்றுவிக்கப்பட்டது. இம்முறையில் மாணவர்கள் தொடர்களைச் சரியாகச் சொன்னபோதும், வகுப்புக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்த இயலவில்லை என்ற குறை எழுந்தது.

இக்குறையை ஆராய்ந்தவர்களுள் என். எஸ். பிரபு குறிப்பிடத்தக்கவர். அவர் தலைமையில் 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடைபெற்ற முயற்சி, 'பெங்களூர்த் திட்டம்' என்று மொழிக் கல்வியாளரிடையே உலகளவில் அறியப்படுகிறது. இதில் இலக்கணம் நேரடியாகக் கற்பிக்கப்படவில்லை. தொடர்வண்டிக் கால அட்டவணையைக் கொண்டு உரிய வண்டியைத் தேர்வு செய்தல், வரைபடத்தில் வழி கண்டறிதல் போன்ற பணிகள் கொடுக்கப்பட்டன. ஆசிரியர் முதலில் ஒத்த பணி ஒன்றை வகுப்புடன் சேர்ந்து செய்வார்; பின்னர் மாணவர் தனியே செய்வர். பேசுமாறு எவரும் கட்டாயப்படுத்தப்படவில்லை. பொருளில் மனம் ஊன்றும்போது இலக்கணம் உள்ளுணர்வாகப் படியும் என்பதே இதன் அடிப்படை. பிரபு இதனை 1987இல் நூலாக வெளியிட்டார். இன்று பல நாடுகளில் வழங்கும் பணிவழி மொழிக் கற்பித்தலுக்கு இது ஒரு முன்னோடியாகும்.

பயிற்றுமொழி குறித்த கருத்துகள்

தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைவதே சிறந்தது என்று யுனெசுக்கோ 1953இல் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியது. ஆயினும் வேலைவாய்ப்புக்கு ஆங்கிலம் தேவை என்பதால் பெற்றோர் பலர் ஆங்கிலவழியை விரும்புகின்றனர். ஆங்கிலத்தை நன்கு கற்பதும், எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்தில் கற்பதும் வேறு வேறு என்பது தாய்மொழிவழிக் கல்வி ஆதரவாளர்களின் வாதம். முன்னதற்கு நல்ல ஆங்கில ஆசிரியரும் பயிற்சியும் தேவை. பயிற்றுமொழியை மாற்றுவது அதற்கு ஈடாகாது என்பர். கல்லூரியில் மொழி மாறும்போது ஏற்படும் இழப்பை மறுதரப்பினர் சுட்டுகின்றனர்.

தமிழ்வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார், இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்புகளைத் தமிழில் தொடங்கியது. இவை, மொழி மாறாமலே உயர்கல்வியைத் தொடர விரும்புவோருக்கான வழியாகும். மொழி மாறுவோருக்கோ, முதலாண்டில் இருமொழிக் கலைச்சொல் பட்டியல், தமிழில் ஐயம் கேட்கும் உரிமை, வினாச்சொற்களில் முன்பயிற்சி ஆகிய எளிய உதவிகளே பெரும் வேறுபாட்டை ஏற்படுத்தக் கூடியன.

இவற்றையும் பார்க்க

இரண்டாம் மொழி கற்றல்
இருமொழிக் கொள்கை
கலைச்சொல்லாக்கம்
தமிழ்வழிக் கல்வி
இடைமொழி