மூணு வயசுப் பொய்

டார்வின்னு சொன்னா நமக்குக் குரங்கும் பரிணாமமும்தான் ஞாபகம் வரும். ஆனா அவர் வீட்டுல ஒரு நோட்டுப் புத்தகம் இருந்துச்சு. மூத்த பையன் வில்லியம் எப்ப சிரிச்சான், எப்ப பயந்தான், எதுக்குக் கோவப்பட்டான், எல்லாத்தையும் அதுல குறிச்சு வச்சிருந்தார். 1877-ல அதைக் கட்டுரையாவே வெளியிட்டார்.

அதுல ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பையனுக்கு இன்னும் மூணு வயசுகூட ஆகல. சாப்பாட்டு அறையிலேருந்து வெளியே வர்றான். மேல போட்டிருக்கிற துணியைப் பத்திரமா சுருட்டிப் பிடிச்சிருக்கான். உள்ள என்னன்னு பார்க்க அப்பா கிட்ட வந்தா, ஒண்ணும் இல்லங்கிறான். "போ, போ"ன்னு அவரையே விரட்டறான். பிரிச்சுப் பார்த்தா துணியெல்லாம் ஊறுகாய்ச் சாறு. இது திட்டம் போட்டுச் செஞ்ச ஏமாத்துன்னு டார்வின் நிதானமா எழுதி வைக்கிறார்.

நம்ம வீடா இருந்தா? "இந்த வயசுலயே பொய்யா!"ன்னு முதுகுல ரெண்டு விழுந்திருக்கும். அப்படி அடிச்சா என்ன நடக்கும்ங்கிறதுக்கு ஆராய்ச்சியிலேயே பதில் இருக்கு. அதுக்கு முன்னாடி, அந்த வயசுல பொய் எங்கேருந்து வருதுன்னு பார்த்துடுவோம்.

1989-ல அமெரிக்காவுல மைக்கேல் லூயிஸ்ங்கிற உளவியலாளரோட குழு ஒரு சோதனை பண்ணாங்க. மூணு வயசுக் குழந்தையை உட்கார வச்சு, அதோட முதுகுக்குப் பின்னால ஒரு பொம்மையை வைப்பாங்க. "நான் வெளியே போயிட்டு வர்றேன், திரும்பிப் பார்க்கக் கூடாது, சரியா?" அவ்வளவுதான். குழந்தைக்குத் தெரியாம கேமரா ஓடிட்டு இருக்கும். 33 குழந்தைகள்ல 29 பேர் திரும்பிப் பார்த்துட்டாங்க. மூணு வயசுல பின்னால ஒரு பொம்மை இருந்தா யார்தான் பார்க்க மாட்டாங்க? திரும்பி வந்து "பார்த்தியா?"ன்னு கேட்டா, சில பேர் ஒத்துக்கிட்டாங்க, சில பேர் வாயே திறக்கல, சில பேர் முகம் மாறாம "இல்லையே"ன்னாங்க. பின்னாடி வந்த ஆராய்ச்சிகள்ல இந்த மாதிரி வீடியோக்களைப் பெரியவங்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. முகத்தை மட்டும் பார்த்து எது பொய்னு அவங்களால சொல்ல முடியல. "என் பிள்ளை முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்"னு சொல்ற அம்மாக்கள் கொஞ்சம் யோசிங்க.

பொய் சொல்றது லேசுப்பட்ட வேலை இல்ல. எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாதுன்னு முதல்ல புரியணும். சின்னக் குழந்தைங்களுக்கு அதுவே புரியாது. 1983-ல விம்மர், பெர்னர்னு ரெண்டு பேர் இதை ஒரு குட்டிக் கதை வச்சுக் காட்டினாங்க. ஒரு பையன் சாக்லேட்டை ஒரு அலமாரியில வச்சுட்டு விளையாடப் போறான். அவன் இல்லாதப்போ அம்மா அதை எடுத்து வேற அலமாரியில வச்சிடறாங்க. பையன் திரும்பி வந்து எங்க தேடுவான்? மூணு வயசுக் குழந்தைகிட்ட கேட்டா, சாக்லேட் இப்ப இருக்கிற இடத்தைத்தான் காட்டும். தனக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு அதோட நினைப்பு. நாலு, அஞ்சு வயசு வாக்குலதான் "அவனுக்குத் தெரியாதே, பழைய இடத்துலதான் தேடுவான்"னு சொல்ல வரும்.

அடுத்தவங்க மனசுக்குள்ள வேற ஒண்ணு ஓடும்னு புரியற அந்தத் திறன்லதான் பொய்யும் பிறக்குது. இரக்கம், கிண்டல், ரகசியம், ஒருத்தருக்குப் புரியற மாதிரி ஒண்ணை விளக்கறது எல்லாத்துக்கும் அதே திறன்தான் வேணும். இதை நேரடியாவே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. சீனாவுல மிட்டாயை ஒளிச்சு வைக்கிற விளையாட்டுல பொய்யே சொல்லத் தெரியாத மூணு வயசுக் குழந்தைங்களை எடுத்து, அடுத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு யோசிக்க சில நாள் பயிற்சி கொடுத்தாங்க. பயிற்சி முடிஞ்சதும் அந்தக் குழந்தைங்க மிட்டாய்க்காகப் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க! 2015-ல வந்த ஆய்வு இது. பொய் சொல்லணும்னு யாருமே சொல்லிக் கொடுக்கல.

ஆனா முதல் பொய் சொல்றது வேற, அதைக் கட்டிக் காப்பாத்தறது வேற. கனடாவுல காங் லீ, விக்டோரியா தல்வார் ரெண்டு பேரும் இதை வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அவங்க சோதனையில பின்னால இருந்த பொம்மை பார்னி, ஊதா நிற டைனோசர். "நான் பார்க்கவே இல்ல." "சரி, என்ன பொம்மையா இருக்கும்னு நினைக்கிற?" "பார்னி!" முடிஞ்சு போச்சு கதை. ஒரு பொண்ணு இன்னும் ஒரு படி மேல. பார்க்கலையாம், தொட்டுத்தான் பார்த்தாளாம், தொட்டா ஊதாவா இருந்துச்சாம், அதனால பார்னியாத்தான் இருக்கும்னா! ஏழு, எட்டு வயசு வந்தா இந்த ஓட்டையை எல்லாம் அடைச்சிடுவாங்க.

இப்ப அடிக்கு வருவோம். தல்வாரும் லீயும் மேற்கு ஆப்பிரிக்காவுல ரெண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாங்க. ஒரு பள்ளியில பென்சில் கொண்டு வரலைன்னாகூட அடி. இன்னொண்ணுல கண்டிப்பாங்க, தனியா உட்கார வைப்பாங்க, அவ்வளவுதான். அதே சோதனை, அதே மூணு நாலு வயசு. எட்டிப் பார்த்ததுல ரெண்டு பள்ளிக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. பொய்யில இருந்துச்சு. அடிக்கிற பள்ளியில பார்த்த குழந்தைங்க கிட்டத்தட்ட எல்லாருமே பொய் சொன்னாங்க. அதுவும் அந்த "பார்னி!" மாதிரி உளறாம, தெரியாத மாதிரியே கச்சிதமா நடிச்சாங்க. அடி அவங்களை நேர்மையாக்கல, தேர்ந்த பொய்யராக்கிடுச்சு. நம்ம நாட்டுல 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17-ஆம் பிரிவு பள்ளியில அடிக்கக் கூடாதுன்னு சொல்லுது. வீட்டுக்கு எந்தப் பிரிவு வரும்னு என்கிட்ட கேட்காதீங்க.

சரி, அடிக்க வேண்டாம், கதை சொல்லலாமா? எந்தக் கதைங்கிறதுல இருக்கு. "புலி வருது, புலி வருது" கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், மேல்நாட்டுல அது ஓநாய். லீ குழு அந்தக் கதையையும், மூக்கு நீளுற பினோக்கியோ கதையையும் குழந்தைங்களுக்குச் சொல்லிப் பார்த்தாங்க. பொய் குறையவே இல்ல. ஜார்ஜ் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிட்டு அப்பாகிட்ட ஒத்துக்கிட்டாரே, அவரும் பாராட்டினாரே, அந்தக் கதை மட்டும் வேலை செஞ்சுச்சு. பொய்க்கு வர்ற தண்டனையைவிட உண்மைக்குக் கிடைக்கிற மரியாதைதான் குழந்தை மனசுல ஒட்டுது. வேடிக்கை என்னன்னா, அந்தச் செர்ரி மரக் கதையே வாஷிங்டனோட வாழ்க்கையை எழுதினவர் கட்டி விட்டது.

அவரைச் சொல்லிக் குத்தமில்ல, நாமளும் அப்படித்தான். "கடன்காரர் வந்தா அப்பா வீட்டுல இல்லன்னு சொல்லு." "ஊசி எல்லாம் போட மாட்டாங்க, வா." "சாப்பிடலைன்னா போலீஸ் வந்து பிடிச்சுட்டுப் போயிடும்." கலிபோர்னியாவுல ஹேஸ், கார்வர்ங்கிற ரெண்டு பேர், அடுத்த அறையில நிறைய மிட்டாய் இருக்குன்னு சொல்லிக் குழந்தைங்களை வரவழைச்சாங்க. அங்க போனதும், சும்மா உன்னை விளையாடக் கூப்பிடத்தான் அப்படிச் சொன்னேன்னுட்டாங்க. அதுக்கப்புறம் நடந்த சோதனையில, அப்படி ஏமாந்த பள்ளிக்கூட வயசுப் பிள்ளைங்க மத்தவங்களைவிட அதிகமா ஏமாத்தினாங்க, பொய்யும் சொன்னாங்க.

பதிமூணு பதினாலு வயசுல ஆட்டம் மாறுது. இப்ப பொய்யைவிட மௌனம்தான் அதிகம். "எங்க போனே?" "சும்மாதான்." உளவியலாளர் ஜூடித் ஸ்மெட்டானாவோட ஆய்வுகள் இங்க உதவும். பாதுகாப்பு, அடுத்தவங்களுக்குக் கெடுதல் பண்ணக் கூடாதுங்கிறது, இதுல எல்லாம் அப்பா அம்மா தலையிடலாம்னு பதின்வயசுப் பிள்ளைங்களே ஒத்துக்கிறாங்க. முடி வெட்டறது, உடுப்பு, யாரோட பேசறதுன்னு வந்தா மட்டும் "இது என் விஷயம்"ங்கிறாங்க. அந்த எல்லையைத் தாண்டினா மறைக்க ஆரம்பிச்சிடுவாங்க. போனை நோண்டறது, தோழிகிட்ட விசாரிக்கிறது எல்லாம் பெருசா உதவாது. சுவீடன்ல ஸ்டாட்டின், கெர்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் 14 வயசுப் பிள்ளைங்களையும் பெத்தவங்களையும் கேட்டு 2000-ல எழுதினாங்க. பெத்தவங்களுக்குத் தெரிஞ்ச விஷயத்துல பெரும்பகுதி, பிள்ளைங்க தானா வந்து சொன்னது. கண்காணிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது ரொம்பக் கொஞ்சம்.

தானா வந்து சொல்றதுன்னா காந்தியைத்தான் சொல்லணும். பதினஞ்சு வயசுல, அண்ணனோட கடனை அடைக்க அந்த அண்ணன் காப்புலேருந்தே கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்துட்டார். மனசு கேட்கல. நேர்ல சொல்ல தைரியமும் இல்ல. ஒரு தாள்ல எழுதி, உடம்பு முடியாம படுத்திருந்த அப்பாகிட்ட கொடுத்தார். கோவத்துல அப்பா தலையில அடிச்சுக்குவார்னு நினைச்சார். அவர் எழுந்து உட்கார்ந்து படிச்சார், கண்ணீர் விட்டார், தாளைக் கிழிச்சுப் போட்டார், மறுபடி படுத்துக்கிட்டார். அவ்வளவுதான். 'சத்திய சோதனை'யில இருக்கு, படிச்சுப் பாருங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். பிள்ளை செஞ்ச தப்புக்கு ஒரு பதில் இருக்கட்டும், உடைச்சதைக் கூட்டட்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கட்டும். ஆனா உண்மையைச் சொன்னதுக்கு அடி விழக் கூடாது. "நீ எடுத்தியா?"ன்னு தெரிஞ்சுக்கிட்டே கேள்வி கேட்டுப் பொறி வைக்காதீங்க. சொன்னா "சொன்னியே, நல்லது"ன்னு ஒரு வார்த்தை முதல்ல சொல்லுங்க.

ஏன்னா ஒரு நாள் அது ஊறுகாயா இருக்காது. "அந்த மாமா என்னைத் தொட்டாரு"ன்னு ஒரு குழந்தை சொல்ல வரும், அதுவும் "யார்கிட்டயும் சொல்லாதே"ன்னு பெரியவங்க ஒருத்தர் மிரட்டி வச்சதை மீறி. "பொய் சொல்லாதே"ன்னு அன்னைக்கு வாயை அடைச்சிடாதீங்க. நம்புங்க. குழந்தைங்களுக்கான உதவி எண் 1098, நாள் முழுக்க இலவசமா கூப்பிடலாம். இந்த எண்ணை வீட்டுல எல்லாரும் பார்க்கிற இடத்துல எழுதி ஒட்டி வையுங்க.