குழாய் முனையில் இருக்கிறது வீட்டின் ஆயுள்!

குப்பம்:

பொழுது விடியும் முன்பே குப்பம் ரெயில் நிலையத்தில் கூட்டம் கூடிவிடும். ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு. மறு கையில் சாக்குப்பை. பைக்குள் கரணை, ரசமட்டம், ஹாக்சா. எல்லாம் பெங்களூர் கட்டிட வேலைக்குப் போகிறவர்கள். சுமார் 100 கிலோமீட்டர் போய் உழைத்துவிட்டு இரவில் திரும்புவார்கள்.

இவர்களில் குழாய் வேலைக்குப் போகும் சித்தாள் பலருக்குத் தெரியாத ஒரு சின்ன வேலை உண்டு. அதைத் தெரிந்துகொண்டவன் பிளம்பர் ஆகிறான். தெரியாதவன் கடைசி வரை குழாய் தூக்குகிறான். கழிவுநீர்க் குழாயை நேராக அறுத்து, முனையைச் சரிவாகத் தேய்ப்பதுதான் அந்த வேலை!

சுவர் சொன்ன பாடம்

எனக்கு இது தெரிய வந்த கதையைச் சொல்கிறேன். கடன் வாங்கிக் கட்டிய என் வீட்டில், குடிவந்த ஓராண்டுக்குள் குளியலறைச் சுவர் ஊறத் தொடங்கியது. சுண்ணாம்பு உதிர்ந்தது. நாற்றமும் வந்தது. குழாய் மட்டம் என்று நினைத்தேன்.

சுவரை உடைத்துப் பார்த்த வயதான மேஸ்திரி சிரித்தார். "சார், குழாய் மேல குத்தம் இல்லை. முனை மேலதான் குத்தம்" என்றார். வேலை செய்தவர் குழாயைக் கோணலாக அறுத்து, பிசிறோடு அப்படியே அடித்துச் செருகி இருந்தார். கூரான விளிம்பு சாக்கெட்டில் இருந்த ரப்பர் ரிங்கை மடக்கிவிட்டது. ஐந்து நிமிட வேலையை விட்டதற்கு, எனக்கு ஒரு மாதச் சம்பளம் போயிற்று.

பத்திரிகையே போதும்!

மேஸ்திரி முறையைக் காட்டினார். "பேப்பர் இருக்கா சார்?" என்று கேட்டார். நாம் படித்து முடித்த நாளிதழ்தான்! அதை மடித்துக் குழாயில் சுற்றி, இரண்டு ஓரமும் ஒன்றாகச் சேரும்படி வைத்தார். அந்த ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டார். கோடு நேர்கோணத்தில் விழுந்தது.

பிறகு நெருங்கிய பல் உள்ள ஹாக்சா பிளேடால் அறுத்தார். ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போகவில்லை. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கோட்டை விட்டு விலகாமல் அறுத்தார். அடுத்து உள்ளேயும் வெளியேயும் இருந்த பிசிறைக் கத்தியால் சுரண்டினார். உள்ளே பிசிறு இருந்தால் முடியும் நூலும் அதில் மாட்டிக்கொள்ளும். நாளடைவில் குழாய் அடைத்துவிடும்.

கடைசியில் அரம். வெளி விளிம்பைச் சுற்றிலும் சுமார் 15 டிகிரி சரிவாகத் தேய்த்தார். கத்தி முனைபோல ஆக்கக்கூடாது. குழாயின் கனத்தில் பாதியாவது முனையில் நிற்க வேண்டும். கழிவுநீருக்கு உரிய 110 மில்லிமீட்டர் 'பி' வகைக் குழாயின் கனம் 3.2 மில்லிமீட்டர். 'ஏ' வகை 2.2 மில்லிமீட்டர்தான். அது மழைநீருக்கும் காற்றுப் போக்கிக்கும் உள்ளது. இந்திய தரக்கட்டுப்பாட்டு விதி 13592 இப்படித்தான் பிரிக்கிறது. விலை குறைவு என்று மாற்றி வாங்கி ஏமாறாதீர்கள்.

சோப்பும் இடைவெளியும்

ரப்பர் ரிங் மூட்டுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் போதும். எண்ணெயும் கிரீசும் ரப்பரைக் கெடுத்துவிடும். முழுவதும் செருகிய பிறகு சுமார் 1 சென்டிமீட்டர் வெளியே இழுத்துவிட வேண்டும். காரணம் வெயில். 6 மீட்டர் குழாய், வெப்பம் 25 டிகிரி கூடினால், ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளும். இடம் இல்லாவிட்டால் மூட்டு பிதுங்கும்.

பசை போட்டு ஒட்டும் மூட்டுக்கும் சரிவு அவசியம். சரிவு இல்லாத முனை, தடவிய பசையை வழித்துக்கொண்டு போய்விடும். அந்தப் பசை தீப்பற்றும் பொருள். பக்கத்தில் பீடி வேண்டாம். கிரைண்டரால் அறுத்தால் மூக்கில் துணி கட்டுங்கள். மிச்சத் துண்டுகளைக் கொளுத்தவே கூடாது. அந்தப் புகை நஞ்சு.

முன்பெல்லாம் வார்ப்பு இரும்புக் குழாய் இருந்தது. மூட்டில் சணல் திணித்து, ஈயம் உருக்கி ஊற்றுவார்கள். அதற்குத் தேர்ந்த ஆள் வேண்டும். பிளாஸ்டிக் வந்ததும் யாரும் செய்யலாம் என்ற நினைப்பும் வந்துவிட்டது. வம்பே அங்குதான்!

உயிர் விஷயம்

ஒழுகும் மூட்டு சுவரோடு நின்றால் பரவாயில்லை. அது குடிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருந்தால்? கழிவுநீர் குடிநீரில் கலந்ததால் 1955-56-ல் தில்லியில் 29 ஆயிரம் பேருக்கு மேல் மஞ்சள் காமாலை கண்டது. அது ஆற்றில் கலந்தது. வீட்டுத் தொட்டியில் கலந்தாலும் வருவது அதே நோய்தான். ஆழ்துளைக் கிணறு தோண்டித் தோண்டித் தண்ணீர் தேடும் நம் பகுதியில், கிடைக்கும் தண்ணீரையும் கெடுத்துக்கொள்ளலாமா?

அன்று மேஸ்திரியோடு ஒரு பையன் வந்திருந்தான். "தம்பி, அடுத்த முனையை நீ தேய்டா" என்று அரத்தை அவன் கையில் கொடுத்தார். பையன் தேய்த்ததை விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது தடவைதான் தலையை ஆட்டினார்.

அந்தப் பையன் இப்போதும் காலை ரெயிலில்தான் போகிறான். ஆனால் சித்தாளாக அல்ல, பிளம்பராக! அவன் சாக்குப்பையில் முதலில் இருப்பது ஓர் அரம்.