கையால் திருகும் மேக்ரோ லென்ஸ்

ஐந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குதிக்கும் சிலந்தியை, சென்சாரில் அதன் நிஜ அளவிலேயே பதிய வைக்கப் போகிறோம். அப்பர்ச்சரை எஃப் 8-க்குச் சுருக்கினாலும் தெளிவாக விழுவது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். முன்கண்கள் தெளிவாக இருந்தால் பின்னங்கால்கள் மங்கிவிடும். நாம் மூச்சு விடும்போது உடம்பு ஆடுவதே அந்த ஒரு மில்லிமீட்டரைவிட அதிகம். ஆட்டோஃபோகஸ் இங்கே பல நேரம் முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் சிலந்திக்குப் பின்னாலிருக்கும் இலையில் போய் நிற்கிறது.

அதனால் மேக்ரோ எடுப்பவர்களில் பலர் செய்வது வேறு. படம் எவ்வளவு பெரிதாக வேண்டுமோ அந்த அளவை லென்ஸில் முதலிலேயே திருகி வைத்துவிடுவார்கள். பிறகு வளையத்தைத் தொடாமல், கேமராவோடு சேர்ந்து தாங்களே மெல்ல முன்னால் சாய்வார்கள். கண் தெளியும் நொடியில் ஷட்டரை அழுத்துவார்கள். ஃபோகஸ் செய்வது இங்கே இடுப்பும் முழங்கையும்தான். இந்த வேலைக்கு மோட்டார் வேண்டாம். வைத்த இடத்தில் நிற்கிற ஒரு நல்ல வளையம் வேண்டும். பழைய மேனுவல் லென்ஸ்களை இன்றும் தேடி வாங்குவதற்கு, விலையைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன்.

இந்த வகையில் புகழ்பெற்றது நிக்கானின் மைக்ரோ நிக்கோர். அது பூச்சிகளுக்காகப் பிறந்ததல்ல. ஜப்பானில் நூல்களையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் ஏற்றியபோது, ஆங்கில எழுத்துக்குப் போதுமான லென்ஸ்கள் கோடுகள் நெருங்கிய ஜப்பானிய ‘காஞ்சி’ எழுத்துகளிடம் தோற்றுப்போயின. ஒரு கோடு இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டால் படிக்கவே முடியாது. அந்தத் தேவைக்காக வாகிமோட்டோ சென்ஜி வடிவமைத்த முதல் மைக்ரோ நிக்கோர் 1956-இல் வந்தது. நிக்கான் எஃப் கேமராவுக்கான 55 மி.மீ. லென்ஸ் 1961-இல் வந்தது. தாளின் நடுவில் போலவே மூலையிலும் எழுத்து கூர்மையாக விழ வேண்டும் என்ற அந்தப் பழைய கண்டிப்புதான், பட்டாம்பூச்சி இறக்கையின் செதில்களை இன்று இவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது.

அந்த 55 மி.மீ. லென்ஸின், 1980 வாக்கில் வந்த எஃப் 2.8 வடிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன் கண்ணாடி குழிக்குள் ஆழமாக அமர்ந்திருக்கிறது. லென்ஸ் ஹூட் தேவைப்படுவதே அபூர்வம். வளையம் ஒரு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திரும்புகிறது. கிரீஸின் இழுவையோடு, திரும்புவதே தெரியாத அளவுக்கு நகர்த்தலாம். விரல் எடுத்த இடத்தில் அப்படியே நிற்கும். குழல் நீள நீள, அதன்மேல் உருப்பெருக்க எண்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. முழுதாக நீட்டினால் நிஜ அளவில் பாதி. பல புதிய லென்ஸ்களிலோ வளையம் மின்சுற்றுக்குக் கட்டளை அனுப்புவதோடு சரி. விரலுக்கு எதிர்விசை கிடைப்பதில்லை.

முழு அளவுக்குப் போக வேண்டுமா? லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 27.5 மி.மீ. நீளமுள்ள வெற்றுக் குழாய் ஒன்றைச் செருக வேண்டும். உள்ளே கண்ணாடி எதுவும் கிடையாது. ஆனால் அப்போது எஃப் 2.8 நடைமுறையில் எஃப் 5.6 ஆகிவிடும். வெளிச்சம் நான்கில் ஒரு பங்கு. ஃபிளாஷ் இல்லாமல் சமாளிப்பது கடினம். பூச்சியையும் சில சென்டிமீட்டர் தூரத்துக்கு நெருங்கியாக வேண்டும், கூச்சமுள்ளவை பறந்துவிடும். உயிருள்ளவற்றை மட்டுமே எடுப்பவர்களுக்கு டாம்ரானின் 90 மி.மீ. எஃப் 2.5 போன்ற நீண்ட லென்ஸ்கள்தான் ஏற்றவை.

மிரர்லெஸ் கேமராக்கள் வந்தபின் இந்தப் பழைய லென்ஸ்களுக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்துவிட்டது. உள்ளே கண்ணாடி இல்லாத சாதாரண அடாப்டர் போதும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யும் வசதி, இந்த லென்ஸ்களைச் செய்தவர்களுக்கே கிடைக்காதது.

வாங்கும்போது அப்பர்ச்சர் இதழ்களைக் கட்டாயம் பாருங்கள். 55 எஃப் 2.8-இல் கிரீஸின் எண்ணெய் கசிந்து இதழ்களில் ஒட்டிக்கொள்வது தெரிந்த குறை; பின்பக்க நெம்புகோலைத் தட்டினால் இதழ்கள் சட்டென்று சுருங்கி விரிய வேண்டும். பிறகு செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளைத்த ஃபங்கஸ் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். லேசான தூசிக்குப் பயப்படத் தேவையில்லை.