உஷார்! ஓரியன்டேஷன் ஆகஸ்ட்டிலா? வகுப்பு கிடைக்காது!

அமெரிக்காவில் இளங்கலை சேரப்போகும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? ஐ-20 வந்தாச்சு, விசா கிடைச்சாச்சு, டிக்கெட்டும் போட்டாச்சு என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். ஓரியன்டேஷன் என்றைக்கு என்று இப்போதே பாருங்கள். தேதியைப் பார்க்கும்போதும் கவனம்: 08/07 என்று போட்டிருந்தால் அங்கே அது ஆகஸ்ட் 7, ஜூலை 8 அல்ல.

நம் ஊரில் அட்மிஷன் முடிந்தால் டைம்டேபிளைக் காலேஜே கொடுத்துவிடும். அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு பாடத்தையும், அதில் ஒவ்வொரு செக்‌ஷனையும் மாணவனே கம்ப்யூட்டரில் தேடிப் பிடிக்க வேண்டும். சீனியர்கள் முந்தைய செமஸ்டரிலேயே பதிவை முடித்திருப்பார்கள். புதியவர்களுக்குப் பல இடங்களில் ஓரியன்டேஷனை ஒட்டித்தான் பதிவு திறக்கும். ஜூனில் வந்தவர்கள் நல்ல நேரம், நல்ல செக்‌ஷன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். ஜூலையில் வந்தவர்களுக்கு மிச்சம். கடைசியாகப் போகிற பிள்ளைக்கு மூடிய கதவுகள்தான்.

என் அக்கா மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். விசா இன்டர்வியூ தள்ளிப்போனதால் கடைசி ஓரியன்டேஷன்தான் கிடைத்தது. வகுப்பு தொடங்க நான்கே நாள். போன் வந்தது. "மாமா, கெமிஸ்ட்ரி லெக்சர்ல ஒரு சீட் இருக்கு. ஆனா லேப் ஒண்ணுகூட இல்ல. ரெண்டையும் சேர்த்து எடுத்தாதான் சிஸ்டம் ஏத்துக்குமாம்." ஸ்கிரீனைக் காட்டச் சொன்னேன். கால்குலஸ் செக்‌ஷன்கள் வரிசையாக இருந்தன. ஒன்று விடாமல் எதிரே 'க்ளோஸ்டு'. கடைசி வரியில் காலை எட்டு மணி வகுப்பு ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதை அமுக்கினால் 'ஹோல்ட்' என்று வந்து நின்றது. தடுப்பூசிச் சான்று போய்ச் சேரவில்லையாம். அக்கா பீரோவைக் கலைத்து அட்டையைத் தேடி அனுப்பி, அவர்கள் அதைப் பார்த்து ஹோல்டை எடுப்பதற்குள் இரண்டு நாள் போனது. அந்த சீட்டும் போனது.

பதற்றத்தில் பையன் கிடைத்ததையெல்லாம் போட்டு 12 கிரெடிட் ஆக்கிவிட்டான். அதில் இரண்டு பாடம் ஆன்லைன். இங்கேதான் பெரிய ஆபத்து! எஃப்-1 விசாவில் இளங்கலை படிப்பவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். அந்தக் கணக்கில் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட்தான் சேரும். ஸ்கிரீனில் 12 என்று தெரிந்தாலும் அவன் கையில் இருந்தது 9. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு அம்மா கவனித்துச் சொல்லாவிட்டால் விசா நிலையே ஆட்டம் கண்டிருக்கும். கடைசி நேரத்தில் திறந்து கிடப்பவை பெரும்பாலும் ஆன்லைன் செக்‌ஷன்கள்தான் என்பதை மறக்காதீர்கள். வெயிட்லிஸ்ட்டில் நிற்கும் பாடத்துக்கும் கிரெடிட் கணக்கு கிடையாது.

எண்ணிக்கையை நிரப்பினால் போதும் என்று நினைப்பதும் தப்பு. இன்ஜினீயரிங் மாணவனுக்கு முதல் கால்குலஸ் இல்லாமல் இரண்டாவது இல்லை. கால்குலஸ் இல்லாமல் ஃபிசிக்ஸ் இல்லை. அது இல்லாமல் துறைப் பாடங்கள் இல்லை. அவற்றில் சில வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும். முதல் செமஸ்டரில் ஒரு கணக்குப் பாடம் விட்டுப்போனால் பட்டமே ஒரு வருடம் தள்ளிப்போகலாம். அந்த ஒரு வருடத்துக்கு ஃபீஸ் டாலரில்! 120 கிரெடிட்டை நான்கு வருடத்தில் முடிக்க செமஸ்டருக்கு 15 வேண்டும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

ஆகவே முதலில் கணக்கு, அடுத்து லேப் உள்ள பாடம், மற்றதெல்லாம் பிறகு. கணக்கு ப்ளேஸ்மென்ட் டெஸ்ட்டை ஊரிலிருந்தே எழுத முடிந்தால் முடித்துவிட்டுப் போகட்டும். அது இல்லாவிட்டால் பல இடங்களில் கால்குலஸில் சேரவே விடமாட்டார்கள். தடுப்பூசி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் அரசுத் திட்டத்தில் போடுவது எம்.ஆர்.; அங்கே பெரும்பாலும் கேட்பது பொன்னுக்கு வீங்கியும் சேர்ந்த எம்.எம்.ஆர்., அதுவும் இரண்டு டோஸ். அட்டையை எடுத்துப் பார்த்து, குறை இருந்தால் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள்.

இடம் கிடைக்கவில்லை என்றால் ஓய்ந்துவிட வேண்டாம். ஃபீஸ் கட்டாதவர்களைப் பல கல்லூரிகள் கெடு முடிந்ததும் நீக்கும். அன்று சீட் திறக்கும். முதல் வாரத்தில் பலர் பாடம் மாற்றுவார்கள், அப்போதும் திறக்கும். அந்த நாட்களில் காலையும் இரவும் ஸ்கிரீனைப் பார்க்க வேண்டும். அட்வைசரை நேரில் பார்த்து, 'இந்தப் பாடம் இல்லாவிட்டால் என் வரிசையே தள்ளிப்போகும்' என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வழி பிறக்கும். நம் பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றுவிடுகிறார்கள்.

அப்பாவோ அம்மாவோ போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி கல்லூரி மாணவரின் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கே. அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் பொதுவாகப் பேசமாட்டார்கள். பேச வேண்டியது பிள்ளைதான். இன்று ராத்திரியே பிள்ளையை உட்காரவைத்து, மாணவர் கணக்கில் ஹோல்ட் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.